முதல் பிள்ளைக்குத் துணி சேர்ப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்களில் மாதம் இரண்டு மூன்று பேராவது வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பெண்களாக இருப்பார்கள். அளவு கொடுத்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் அரைமணி நேரம் வாசலிலேயே போகும். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் எழுதி வைத்துவிட்டேன்.

பிறக்குறதுக்கு முன்னாடி குழந்தைக்குத் துணி வாங்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. அப்போ எப்படித்தான் தயார் பண்றது?

வாங்கத்தானே கூடாது? கிழிக்கலாம். பழைய வேட்டி, பழைய பருத்திச் சேலை இரண்டையும் கிழித்துத் துவைத்து மடித்து வைப்பதை எந்த மாமியாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. புதுத்துணியைப் புண்ணியாகவாசனத்துக்கோ பேர் வைக்கும் நாளுக்கோ வைத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். அதுவரை பழசுதான். முதல் துணி நிறைய பிள்ளை பெற்று நன்றாக வாழ்ந்த பாட்டியின் சேலையாக இருக்க வேண்டும் என்பார்கள்.

நம்பிக்கையை விடுங்கள், இதில் லாபம் நமக்குத்தான். நூறு தடவை துவைத்த வேட்டியில் கஞ்சியும் கிடையாது, சாயமும் கிடையாது. கடையில் எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த மெதுமை கிடைக்காது. கடைச் சாமான்களில் ரப்பர் ஷீட்டும் கொசுவலையும் மட்டும் முன்கூட்டியே இருக்கட்டும். அதற்குக் கூட ஆட்சேபணை என்றால் பணத்தை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, குழந்தை பிறந்த அன்றே போய் வாங்கி வர ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை வேணும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

நாப்கின் துணிதான் பெரிய கணக்கு. பால் நன்றாகக் குடிக்கும் குழந்தை பிறந்து ஐந்தாறு நாள் ஆனதும் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகும். அதோடு மூன்று நான்கு தடவை மலம். பத்துப் பன்னிரண்டு துண்டு ஒரே நாளில் போய்விடும். இன்று நனைந்தது, கொடியில் காய்வது, மடித்து வைத்தது என்று மூன்று பங்கு எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்றால் 30 துண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பிரசவம் என்றால் 40 வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காய்வது இரண்டு நாள்.

மற்றதெல்லாம் குறைச்சல்தான். முன்பக்கம் நாடா கட்டும் ஜப்லா எட்டு, துடைக்கும் துண்டு மூன்று, சுற்றும் துணி நான்கு, கீழே விரிக்க ஆறு, ரப்பர் ஷீட் இரண்டு, தொப்பி இரண்டு. இதற்கு மேல் வாங்குவது பெரும்பாலும் இரண்டு மாதத்தில் சின்னதாகி, மடிப்புக் கலையாமல் பீரோவுக்குப் போகும்.

வேட்டியைக் கிழிச்சா எத்தனை துண்டு வரும்? எப்படிக் கிழிக்கணும்?

நாலு முழ வேட்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம். முதலில் இரண்டு பக்கமும் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். ஜரிகை குழந்தைத் தோலில் குத்தும். மீதியில் இரண்டடிச் சதுரமாக ஆறு துண்டு வரும். எட்டு முழம் என்றால் பன்னிரண்டு. ஆக, அப்பாவிடம் எட்டு முழம் இரண்டும், மாமாவிடம் நாலு முழம் ஒன்றும் வாங்கினால் 30 கணக்கு முடிந்தது.

கத்தரியால் வெட்டிக்கொண்டே போகாதீர்கள். ஓரத்தில் ஒரு விரற்கடை வெட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து 'டர்'ரென்று இழுங்கள். நூல் போன போக்கில் நேராகக் கிழியும். கிழித்த ஓரத்தில் நூல் தொங்கும். அதைப் பிடுங்கிவிட்டு ஓரம் மடித்து ஒரு தையல் ஓட்டுங்கள். ஏன் என்பதைச் சாக்ஸ் கேள்வியில் சொல்கிறேன்.

வேட்டி பருத்திதானா என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்து நூல் ஒன்றை உருவி, அடுப்படியில் தள்ளி நின்று, தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கடுகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டை நிற்கும். கடையில் 'காட்டன் வேட்டி' என்று கொடுத்ததிலேயே எனக்கு இந்தக் கடுகு இரண்டு முறை வந்திருக்கிறது. அந்த வேட்டி ஈரத்தை ஒழுங்காக உறிஞ்சாது.

வெள்ளைத் துணிதான் வேணுமா? கலர்ல போட்டா அழகா இருக்குமே.

சட்டை எந்தக் கலரானாலும் சரி. நாப்கின் மட்டும் வெள்ளையாக இருக்கட்டும். முதல் ஒரு மாதம் குழந்தை வாயால் சொல்ல முடியாததை அந்தத் துணிதான் சொல்லும். முதல் இரண்டு நாள் தார் மாதிரி கரும்பச்சையில் ஒட்டும். பிறகு பச்சையாகி, நாலைந்து நாளில் அரைத்த கடுகு மாதிரி மஞ்சளாகிவிட்டால் பால் உள்ளே போகிறது என்று அர்த்தம். மூத்திரத் துணியில் முதல் இரண்டு மூன்று நாள் செங்கல் நிறத்தில் பொடிப்பொடியாகக் கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது யூரேட் உப்பு. அதற்குப் பிறகும் வந்தால் பால் போதவில்லையோ என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் தள்ளிப் போடாதீர்கள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனாலும், மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விடுகிற அளவுக்கு அடர்த்தியாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கல்லீரல், பித்தநாளச் சிக்கலாக இருக்கலாம். பச்சிளங்குழந்தையின் மூத்திரம் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். பூப்போட்ட நாப்கினில் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

பீரோல இருந்த பாட்டி சேலை நல்லா மெத்துனு இருக்கு. ஆனா அந்துருண்டை வாசனை. துவைச்சா போதுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் வந்து கேட்டவர்களை விட நானாக எடுத்துச் சொன்னவர்கள்தான் அதிகம். அந்துருண்டை, பாச்சை உருண்டை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாப்தலீன். அந்த வாசனை வேறு, மருந்து வேறு இல்லை. மூக்கில் ஏறுவதே அந்த மருந்துதான். ஜி-6-பி-டி என்ற நொதி உடம்பில் குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு. நாப்தலீன் பட்டால் அவர்களுடைய ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை வேகமாக ஏறும், கவனிக்காவிட்டால் மூளையையே பாதிக்கும். நாப்தலீன் வாசனை பட்ட குழந்தைகளுக்கு இப்படி ஆனதை கிரீஸ் நாட்டு மருத்துவர்கள் 1963-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பிறக்கும்போது நமக்குத் தெரியாது.

அதனால் குழந்தைக்கு என்று எடுக்கும் துணி கொடியிலும் மடிப்பிலும் புழங்குகிற துணியாக இருக்கட்டும், பீரோ அடித்தட்டில் பத்து வருஷம் கிடந்தது வேண்டாம். அந்தச் சேலைதான் வேண்டும் என்று மனசு கேட்டால் இப்போதே, ஏழாம் மாதத்திலேயே எடுங்கள். இரண்டு மூன்று முறை துவைத்து, பல நாள் வெயிலிலும் காற்றிலும் போடுங்கள். பிறகு வீட்டில் வேறு யாரையாவது முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மூக்குக்கு இதற்குள் பழகியிருக்கும். துளி வாசனை இருந்தாலும் குழந்தைக்கு வேண்டாம். பிரசவித்த பெண் படுக்கும் அறையில் பீரோ இருந்தால் அதிலிருக்கும் உருண்டைகளையும் பொறுக்கி எறியுங்கள். கற்பூரத்தையும் வைக்காதீர்கள். பூச்சிக்கு வசம்புத் துண்டு இரண்டை ஒரு துணியில் முடிந்து பெட்டி மூலையில் போட்டால் போதும். 'பிள்ளை வளர்ப்பான்' என்று அதற்குப் பெயர், ஆனால் பிள்ளைக்கு உரசிக் கொடுக்க வேண்டாம். முடிச்சு பெட்டியிலேயே கிடக்கட்டும்.

புதுசா வாங்குற ஜப்லாவை அப்படியே போடலாமா?

கூடாது, ஒரு முறையாவது துவைக்க வேண்டும். கசங்காமல் நிற்க ஏற்றிய மருந்து, கஞ்சி, கடைத் தூசி எல்லாம் அதில் இருக்கும். சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்து அழுத்தித் தேயுங்கள். திருப்பூர் இன்டர்லாக் பனியன் துணி நல்லது, மெதுவாக இருக்கும். கழுத்துப் பட்டையில் உறுத்தும் லேபிளைத் தையலோடு பிரித்து எடுங்கள். வெட்டினால் மிச்சம் நிற்கும் முனை இன்னும் மோசமாகக் குத்தும்.

நீங்களே தைப்பதாக இருந்தால் நீளம் 10 அங்குலம், மார்புச் சுற்று 18 அங்குலம் வைக்கிறேன் நான். பிறந்த குழந்தையின் மார்பு 13 அங்குலம் போல இருக்கும், மீதி தளர்வுக்கு. நாடா முன்பக்கம், குட்டையாக இருக்கட்டும். கழுத்தைச் சுற்றி எந்தக் கயிறும் வேண்டாம். முதல் மாதம் சட்டையைப் புறம் திருப்பி, தையல் வெளியே தெரியப் போடுங்கள். "தலைகீழா போட்டிருக்கியே" என்று சொல்ல ஒரு அத்தை வருவார். சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

எதுல துவைக்கிறது? டெட்டால் போடணுமா? வாசனை வர்ற அந்தத் தண்ணி?

வாசனை குறைந்த சாதாரண சோப்பே போதும். சோப்பு எது என்பதை விட, அலசுவது எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். மூன்று தண்ணீர் மாற்றுங்கள். கடைசித் தண்ணீரில் நுரை நிற்கக் கூடாது. கிருமிநாசினி தினசரி வேண்டாம். வெயிலும் சோப்பும் செய்யும் வேலையே போதும். துணியை மெதுவாக்கும் வாசனைத் திரவம் நூலின் மேல் ஒரு பூச்சாகப் படியும், துணி ஈரத்தை உறிஞ்சாது. நாப்கினுக்கு அதைப் போடுவது காசு கொடுத்து அதைக் கெடுப்பது. சொட்டு நீலம், கஞ்சி இரண்டும் வேண்டாம்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் எதைப் போட்டாலும் துணி அப்பளம் மாதிரி விறைக்கும். எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு வாளி பிடித்து வைத்து, கடைசி அலசலை மட்டும் அதில் செய்வோம். காய்ந்த பிறகு இரண்டு கையாலும் கசக்கி உதறினாலும் விறைப்பு போகும்.

வெள்ளைத் துணியில மஞ்சள் கறை போகவே மாட்டேங்குது. பிளீச்சிங் போடலாமா?

வேண்டாம். துவைத்து, ஈரம் சொட்டச் சொட்ட, கறை உள்ள பக்கம் மேலே தெரிய உச்சி வெயிலில் போடுங்கள். மத்தியானம் போய்ப் பாருங்கள், கறை இருந்த இடம் மங்கியிருக்கும். தாய்ப்பால் குழந்தையின் மலத்தில் உள்ள மஞ்சள் பித்த நிறமி, பிலிருபின். அது வெளிச்சம் பட்டால் உடையும். காமாலைக் குழந்தையை ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் போடுவதும் இதே காரணத்துக்குத்தான். சாம்பார் சிந்திய மஞ்சள் கறையும் வெயிலில்தான் போகும், ஆனால் அது வேறு சாயம்.

முதல் இரண்டு நாள் வரும் அந்தத் தார்க் கறைதான் பிடிவாதம். காய விடாமல் உடனே அலசினால் பாதி போகும். மீதி போகாது. அதற்கென்று இருப்பதிலேயே பழைய துண்டுகள் ஆறை ஒதுக்கி, வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

விளக்கு வச்ச பிறகு குழந்தைத் துணி வெளியில கிடக்கக் கூடாதாமே? சாம்பிராணியில காட்டி எடுக்கணுமாமே?

முதலாவதை நான் கடைப்பிடிக்கிறேன். பறவை பறந்தால் தோஷம் என்று பாட்டி சொல்வார். எனக்குக் காரணம் பனி ஈரமும் பூச்சியும். எடுத்ததும் ஒவ்வொன்றையும் உதறி மடியுங்கள். பால் கக்கிய துணியை எறும்பு மோப்பம் பிடித்துவிடும். ஒரே ஒரு கட்டெறும்பு மடிப்பில் இருந்தால் அன்றைக்கு ராத்திரி முழுக்கச் சிவராத்திரிதான்.

சாம்பிராணிப் புகை வேண்டாம். துணியில் ஏறும் புகை குழந்தையின் மூக்குக்குத்தான் போகும். மழைக்காலத்தில் ஈரவாசனை போக வேண்டும் என்றால் இஸ்திரி போடுங்கள். மற்ற நாளில் இஸ்திரி தேவையில்லை.

நான் அவங்க வீட்டுக்காரர்க்கா. லேபர் வார்டு வாசல்ல நிக்கும்போது என்னென்ன கையில இருக்கணும்?

கதவு பாதி திறக்கும். ஆயாம்மா தலையை மட்டும் நீட்டி, பேர் சொல்லி, "துணி குடுங்க" என்பார். அந்த நேரத்தில் கீழே வைத்த பெரிய பையைக் கிளறிக்கொண்டு நிற்கும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன மஞ்சப்பையில் துண்டு இரண்டு, சுற்றும் துணி இரண்டு, ஜப்லா ஒன்று, நாப்கின் இரண்டு, தொப்பி ஒன்று மட்டும் போட்டு, மேலே மனைவி பெயரை எழுதி, கையிலேயே வைத்திருங்கள். ஈரத்தோடு பிறக்கும் குழந்தையை ஒரு துண்டால் துடைத்து, அதை எறிந்துவிட்டு, காய்ந்த இன்னொன்றால் போர்த்த வேண்டும். அதனால்தான் இரண்டு. குளிப்பாட்ட அவசரமில்லை. 24 மணி நேரம் தள்ளிப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அரசு மருத்துவமனைப் பிரசவங்களுக்காக 2015-இல் தமிழக அரசு தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள், அதில் துண்டு, சட்டை, நாப்கின், படுக்கை, கொசுவலையும் உண்டு. கிடைத்தால் நல்லது. ஆனால் அதை நம்பி மஞ்சப்பை இல்லாமல் போகாதீர்கள், அது பிறந்த பிறகு கைக்கு வருவது.

எப்பவும் சுத்தியே வைக்கணுமா? தொப்பி, சாக்ஸ் எல்லாம் கழட்டவே கூடாதா?

முதல் ஓரிரு நாள், அதுவும் ஏசி அறையில், தொப்பி அவசியம். குழந்தை உடம்பில் தலைதான் பெரிசு, சூடு அந்த வழியாகப் போகும். வீட்டுக்கு வந்த பிறகு சித்திரை வெயிலில் தொப்பியும் சாக்ஸும் போட்டு மூன்று சுற்றுத் துணி சுற்றினால் குழந்தை வேகும். நமக்கு எத்தனை துணியோ அதை விட ஒன்று கூட, அவ்வளவுதான். புழுக்கத்தில் அதுவும் வேண்டாம். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சுற்றும்போது கையை அணைத்துச் சுற்றலாம், ஆனால் காலை நீட்டி இறுக்கிக் கட்டக் கூடாது. தவளை மாதிரி மடங்கி அகல இடம் வேண்டும், இல்லையென்றால் இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து உண்டு. புரள எத்தனிக்கும் அறிகுறி தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

தூளிக்கு எந்தச் சேலை நல்லது?

நூல் சேலை, கிழிசல் இல்லாதது. சுங்குடி அருமையாக இருக்கும். வாயில் (voile) என்கிற மெல்லிய துணி, சிந்தெடிக் இரண்டும் வேண்டாம், ஒன்று தாங்காது, மற்றொன்று வழுக்கும். கொக்கியைப் பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்துச் சோதியுங்கள். உள்ளே குறுக்குக் கட்டை போட்டால் துணி முகத்தின் மேல் மூடாது.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும், தாடை மார்பில் இடித்தால் மூச்சு முட்டலாம். தூங்குவதற்கு மல்லாக்க, சமமான, அழுத்தினால் குழி விழாத இடம்தான் வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த இலக்கணத்துக்கு நம் கோரைப்பாயும் மேலே நாலாக மடித்து இழுத்து விரித்த வேட்டியும் அப்படியே பொருந்தும். நான் சொல்வது: அழுகையை அடக்கத் தூளி, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். தூங்கியதும் பாயில் கிடத்துங்கள். காலியான தூளியைச் சுருட்டி மேலே முடிந்து விடுங்கள். மூத்த பிள்ளைகள் அதில் முறுக்கிச் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகள் நம் ஊரில் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

தலை உருண்டையா வர கடுகுத் தலையணை தைச்சுக் கொடுப்பீங்களா?

தைக்க மாட்டேன், கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தூளி பதிலில் சொன்ன அதே காரணம்தான்: ஒரு வயது வரை தலையணையே வேண்டாம். தலை ஒரு பக்கம் சப்பையாகத் தெரிந்தால் விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

கையுறை, சாக்ஸ் தைச்சுத் தருவீங்களா? முகத்தைப் பிறாண்டிக்குதே.

என் பெரியவனுக்கு 20 நாள் இருக்கும். நானே தைத்த சாக்ஸ், எனக்கு அதில் பெருமை வேறு. சாயங்காலத்திலிருந்து வீறிட்டு அழுகிறான், பால் குடிக்கவில்லை, வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் வரை பேச்சுப் போய்விட்டது. என் அம்மாதான் சாக்ஸைக் கழற்றினார். உள்ளே தொங்கிய ஒரு நூல் இரண்டாவது கால் விரலைச் சுற்றி இறுக்கி, விரல் நாவற்பழ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஊசி முனையால் நூலைத் தூக்கி அறுத்தோம். இன்னும் நேரம் போயிருந்தால் ஆஸ்பத்திரிதான்.

அதிலிருந்து நான் கையுறை தைப்பதில்லை. நகத்தை வெட்டிவிடுங்கள், தூங்கும்போது சுலபம். கடையில் வாங்கியது போடுவதாக இருந்தால் புறம் திருப்பி நூல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் முதலில் விரல்களைப் பாருங்கள். அம்மாவுக்கு முடி கொட்டும் மூன்றாம், நான்காம் மாதத்தில் தலைமுடியும் இதே வேலையைச் செய்யும்.

இவ்வளவு எதுக்கு, டயப்பரே போட்டுட்டா?

போடுங்கள், குற்றமில்லை. ராத்திரிக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் நானும் போட்டேன். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், மலம் போனால் உடனே. தொப்புள்கொடி விழும் வரை, அதாவது ஒன்றிரண்டு வாரம், எதைக் கட்டினாலும் முன்பக்கத்தைக் கொடிக்குக் கீழே மடித்துவிடுங்கள். வெள்ளைத் துணி கேள்வியில் சொன்ன நிறங்களை டயப்பரிலும் பார்க்கலாம், மூத்திரக் கணக்கு மட்டும் குழம்பும். அதனால் முதல் பத்து நாள் பகலில் துணியே நல்லது.

எடை குறைவா பிறக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. துணி வேற மாதிரி வேணுமா?

துணி குறைவாகத்தான் வேண்டும். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தால் அம்மா மார்போடு தோல் படக் குழந்தையை அணைத்து வைக்கச் சொல்வார்கள். கங்காரு முறை என்று பெயர், 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது. குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மூன்றும் போதும். ஜப்லா போட்டால் முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். நாப்கினை ஒன்றரையடிச் சதுரமாகக் கிழியுங்கள்.

துணி அதிகம் வேண்டியது அம்மாவுக்குத்தான். முன்னால் திறக்கும் நைட்டி நான்கு, குழந்தையை அணைத்துக் கட்டிக்கொள்ள இரண்டு மீட்டர் மெதுவான பருத்தித் துணி இரண்டு.

நாத்தனார் பிள்ளை போட்ட துணியைக் கொடுக்குறாங்க. வாங்கிக்கலாமா?

ஓடிப் போய் வாங்குங்கள். பழைய வேட்டிக்குச் சொன்ன எல்லா நன்மையும் இதற்கும் உண்டு. மூன்று சோதனை மட்டும்: அந்துருண்டை வாசனை, தொங்கும் நூல், ஆடும் பட்டன். மூன்றும் தேறினால் துவைத்து மடித்து வைத்துவிடுங்கள். "எதுக்குப் பழசு?" என்று யாராவது கேட்டால் வழக்கத்தின் மேல் பழியைப் போடுங்கள்.

சாக்ஸ் போனாலும் நான் அப்போது தைத்த மல்மல் ஜப்லா ஒன்று தப்பித்தது. என் இரண்டு பிள்ளைகளும் போட்டு, தம்பி மகள் போட்டு, தெருவில் நான்கு வீடு சுற்றி, இப்போது எதிர்வீட்டுப் பெண்ணின் மஞ்சப்பையில் இருக்கிறது. நாடா மட்டும் மூன்று தடவை மாற்றித் தைத்திருக்கிறேன்.